பூச்சுக்கு அடியில் ரோஸ்மண்ட்

நவம்பர் மழை சற்றே விட்டு, பிற்பகல் வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளைக் கூடையில் இடுக்கிக்கொண்டு இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் துறைமுகத்தின் கல்தளத்தில் நடந்துபோன டோர்கஸ், 'ஹார்மனி' என்ற கப்பலின் பின்புறத்துக்கு வந்ததும் நின்றாள். அவள் புருஷன் ஐசக் அந்தக் கப்பலில் மாலுமியாகப் போகக் கையெழுத்துப் போட்டிருந்தான். மறுநாள் உச்சிவேளையில் கடல் ஓதம் ஏறியதும் கப்பல் கிளம்புகிறது. புருஷன் போகிற கப்பலை ஒருமுறை பார்த்துவைப்போம் என்றுதான் கேப்டனின் விரிப்புகளைக் கொடுக்க அவளே வந்திருந்தாள். இல்லையென்றால் கீழ்வீட்டு மெக்கிடம் கொடுத்தனுப்பியிருப்பாள்.

பின்பலகையில் ஹார்மனி என்று வெள்ளையாக, புத்தம்புதிதாக எழுதியிருந்தது. அதற்கு அடியில், கறுப்புப் பூச்சுக்குள், வேறு எழுத்துகள் தெரிந்தன. எப்போதோ மரத்தில் ஆழமாகச் செதுக்கிய எழுத்துகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே வண்ணம் அடித்திருக்கிறார்கள். அடைத்த பட்டி உள்வாங்கிவிட்டது. நனைந்த பலகையில் சாய்வெயில் பட்டதும் பள்ளங்கள் நிழல் கட்டின. டோர்கஸ் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். கூட்டி முடித்து, மறுபடி முதலிலிருந்து கூட்டினாள்.

ரோஸ்மண்ட்.

இந்த ரோஸ்மண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இதே ஆற்றங்கரையில் கட்டிய கப்பல் அது. தண்ணீரில் இறக்கிய அன்று ஊரே திரண்டு நின்றது. தேவாலய மணி அடித்தார்கள். சின்னப் பெண்ணாக இருந்த டோர்கஸ் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கைதட்டினாள். அவள் அப்பா நேத்தன் அதில் பாய்மரப் பாய் தைக்கிறவராகப் போனார். முதல் பயணத்தில் ஏறியவர் கடைசிப் பயணம் வரைக்கும் இறங்கவில்லை. முதலில் கப்பல் சீனத்துக்குப் போய்த் தேயிலை கொண்டுவந்தது. அந்த நாளில் ரோஸ்மண்ட் ஆட்கள் தெருவில் நடக்கிற நடையே தனி. பிறகு அதைவிட வேகமான கப்பல்கள் வந்தன. உடனே தேயிலைக்காரர்கள் கைகழுவினார்கள். அடுத்து, பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியா போகிற ஏழைக் குடும்பங்களைக் கீழ்த்தட்டில் அடைத்துக்கொண்டு போனது. ஒரு பயணத்தில் அம்மை கண்டு குழந்தைகள் செத்தன. அவற்றைச் சுற்றிக் கடலில் இட்ட பாய்த்துணியைத் தைத்தவர் நேத்தன்தான். வீட்டுக்கு வந்தும் வெகுநாள் அவர் ஊசியைத் தொடவில்லை.

அதற்கப்புறம் பெருவுக்குப் போய், உரத்துக்காகப் பறவை எச்சம் ஏற்றியது. அந்த எச்சம் ஆட்களின் கண்ணை எரித்தது, மரத்தையும் இரும்பையும் அரித்தது. பாய்மரங்களைக் குட்டையாக வெட்டி, ஆட்களைப் பாதியாகக் குறைத்தார்கள். எதற்கும் ஆகாத கப்பல் என்று ஆனபின் கனடாவிலிருந்து மரம் ஏற்ற அனுப்பினார்கள். நீளமான மரத்தை உள்ளே தள்ள வசதியாக மூக்குப் பக்கத்தில் பெரிய துளை போட்டார்கள். ஓட்டைக் கப்பலையெல்லாம் மரம் ஏற்ற விடுவது அவர்கள் வழக்கம். கப்பல் நிறையத் தண்ணீர் ஏறினாலும் உள்ளே இருக்கும் மரம் அதை மூழ்கவிடாது. கடைசியாகக் கனடாவிலிருந்து வரும்போது வழி நெடுகப் பம்பு அடித்தார்கள். பலகைகள் பிரிந்துவிடாமல் இருக்கக் கப்பலைச் சுற்றிச் சங்கிலி போட்டு இறுக்கினார்கள். நேத்தன் உள்ளங்கைத் தோல் உரிந்து, நெஞ்சு நிறையச் சளியோடு வந்து படுக்கையில் விழுந்தார்.

"அவ முதுகு ஒடிஞ்சு போச்சு, பாப்பா," என்றார் மகளிடம். "விலா மரத்துல விரலை வச்சா, பாலாடைக்கட்டில போற மாதிரி உள்ள போகுது. மரம் சுமந்ததால தப்பிச்சோம். வேற எதை ஏத்தியிருந்தாலும் அங்கயே சமாதி." அந்தக் குளிரைத் தாண்டாமல் அவர் போய்ச் சேர்ந்தார். கப்பலை ஏலத்தில் விட்டார்கள், உடைத்து விறகாக்கிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. அன்றைக்கு டோர்கஸுக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி.

விறகாகப் போன கப்பல் இப்போது பெயர் மாற்றி, பொட்டிட்டுப் பூ வைத்த கிழவியைப்போல எதிரே நின்றது. அதன் வயிறு நிறைய நிலக்கரி. தண்ணீர் மட்டம் மேல்தளத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தால் அதிகம். மரம் மிதக்கும், நிலக்கரி மிதக்குமா? இந்தப் பாடை கடலில் எங்கேயாவது காணாமல் போனால் காப்பீட்டுக்காரர்கள் முதலாளிக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். மிதந்து திரும்பினால்தான் அவருக்கு நஷ்டம். அப்படிப்பட்ட முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முன்வரிசையில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். கடவுள் அவர்களை எப்படிச் சகித்துக்கொண்டார் என்று தெரியவில்லை.

விரிப்புகளை யாரிடம் கொடுத்தோம், எப்படி வீடு வந்தோம் என்பது டோர்கஸுக்கு நினைவில்லை. மாடி அறையில் ஐசக் அடுப்பருகே உட்கார்ந்து பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மரப்பெட்டியைக் காலையிலேயே கப்பலில் ஏற்றியாகிவிட்டது. டோர்கஸின் தம்பி லூக் கடைக்குப் போயிருந்தான். கடை என்றால் சாராயக் கடை. அவனும் மாலுமிதான். சில வாரமாகக் கப்பல் கிடைக்காமல் அக்கா வீட்டு அடுப்படியில் படுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கப்பல்ல போகாதய்யா," என்றாள் டோர்கஸ், கூடையைக் கீழே வைக்காமலே. "அது ஹார்மனி இல்ல. ரோஸ்மண்டு. எங்கப்பாவைத் தின்ன ரோஸ்மண்டு."

ஐசக் சிரித்தான். "அதான் எப்பவோ அடுப்புல போயிருச்சே. பேய் பிசாசைப் பாத்தியா?"

"கண்ணால பாத்தேன். பேரை அடைச்சு மேல பெயிண்டு அடிச்சிருக்கான். எழுத்து தெரியுது."

அவன் கையிலிருந்த துணி நின்றது. ரோஸ்மண்ட் கதை அவனுக்கும் தெரியும். மாமனார் சாகும்போது பக்கத்தில் இருந்தவன் அவன். பூட்ஸை அடுப்போரம் தள்ளி வைத்தான்.

"கையெழுத்துப் போட்டாச்சு, டோர்கஸ்."

"போட்டா என்ன? உசுர எழுதிக் குடுத்துட்டியா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன். போன வருஷம் பின்தெரு ஆளுக நாலு பேர் கையெழுத்துப் போட்டுட்டு ஏற மாட்டோம்னு நின்னாங்களே, என்ன ஆச்சு? டர்ஹாம் ஜெயில்ல பழங்கயிறு பிரிச்சுப் பிரிச்சு விரல் வீங்கி வந்தானுக. அதுக்கப்புறம் எந்தக் கப்பல்காரன் அவனுகளச் சேர்த்தான்? ஒருத்தன் இப்பத் தெருவுல கரி பொறுக்குறான்."

"கப்பல் ஓட்டைன்னு சொல்லு. நீதிபதிகிட்ட நானே வந்து சொல்றேன்."

"அவரும் கப்பல் வச்சிருக்கிறவருதான்டி! உன்னைப் பாத்துச் சிரிப்பாரு." அவன் குரல் தணிந்தது. "எனக்கு மட்டும் பயம் இல்லைன்னா நினைக்கிற? கடல்ல போறதுக்கு ஒரு தடவைதான் பயம். ஊருக்குள்ள கோழைன்னு பேர் வாங்கிட்டா தினம் தினம். விடு. எத்தனையோ கிழட்டுக் கப்பல் போயிட்டு வரலையா?"

டோர்கஸ் அழுதாள், திட்டினாள், சாப்பாட்டுத் தட்டை டொம்மென்று வைத்தாள். அவன் கருவாட்டு மீனையும் ரொட்டியையும் மென்றுகொண்டே இருந்தான். பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. கடலைவிட அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு அதிகம் பயப்படுகிற ஆண்பிள்ளைகள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு, இவன் அதில் ஒருவன்.

மறுநாள் காலை அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது டோர்கஸ் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள். பல்வலிக்கு வாங்கி வைத்திருந்த அபின் மருந்து. சொட்டுக் கணக்காகக் கொடுக்க வேண்டியது. உடம்பு முடியாத ஆள் கப்பலுக்கு வராமல் போனால் அது குற்றமில்லை. கண் திறக்க முடியாமல் கிடக்கிறவனைக் கான்ஸ்டபிள் வந்து பார்த்தாலும் என்ன செய்துவிட முடியும்? இதுதான் அவள் போட்ட கணக்கு. ஆனால் அவன் வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று குப்பியைத் தேநீர்க் கோப்பைக்கு மேல் வேகமாகச் சாய்த்தாள். சொட்டாக விழ வேண்டியது குபுக்கென்று விழுந்துவிட்டது. கொட்டிவிட்டு வேறு தேநீர் போடலாமா என்று நினைப்பதற்குள் அவன் வந்து கோப்பையை எடுத்துக்கொண்டான்.

"என்னடி, கசக்குது?"

"மட்டமான தூள். வேற எங்க கிடைக்குது நமக்கு?"

அவன் முழுவதையும் குடித்தான். கோபமாக இருக்கிற பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, நல்லா இருக்கு என்று வேறு சொன்னான். சட்டையை மாட்டும்போதே கை தளர்ந்தது. "தலை ஒரு மாதிரி இருக்கு," என்று கட்டிலில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான்.

டோர்கஸ் அவன் காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நொடிகூட நிலைக்கவில்லை. அவன் மூச்சு மெதுவாக வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இவள் மூச்சு நின்று போனது. உதடு வெளுத்து லேசாக நீலம் பூத்திருந்தது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து லூக் ரொட்டியோடு மாடி ஏறி வந்தான். முப்பது வயதுக்கு இந்தப் பக்கம், செம்பட்டைத் தலை, வாயைத் திறந்தால் மூடாத ஆள்.

"என்ன மச்சான் இன்னும் தூங்குறாரு? கப்பல் இவரைக் கட்டிலோட வந்து தூக்கிட்டுப் போகுமா?"

"காய்ச்சல்டா. ராத்திரியே ஆரம்பிச்சுது. எந்திரிக்கவே முடியல."

"காய்ச்சலா? நேத்து நல்லாத்தானே இருந்தாரு." லூக் குனிந்து பார்த்தான். "ஏதாவது ஊத்திக்கிட்டாரா? என்னை விட்டுட்டுத் தனியாவா?"

"வெளையாடாத லூக்! நீ கப்பலுக்கு ஓடு. ஐசக்குக்கு உடம்பு முடியல, வர முடியாதுன்னு சொல்லிட்டு வா. நான் இவரை விட்டு நகர முடியாது."

"எவன்கிட்ட சொல்றது?"

"சின்னக் கேப்டன் நிப்பான் பாரு, தாடிக்காரன், அவன்கிட்ட. சொன்ன உடனே திரும்பி வந்துரு."

லூக் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "நம்ப மாட்டானே, அக்கா. கடைசி நிமிஷத்துல காய்ச்சல்னா எவன் நம்புவான்? போலீசைத்தான் கூப்பிடுவான்."

"நீ சொன்னா நம்புவான். உனக்குத்தான் ஊருப்பட்ட வாய் இருக்கே."

அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். நடந்ததை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் லூக்கிடம் ஒன்றைச் சொல்வதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். மருந்து கொடுத்துப் படுக்கவைத்தாள் என்று வெளியே தெரிந்தால் புருஷனோடு அவளும் கூண்டில் நிற்க வேண்டும். கப்பல் எது என்று சொன்னால் காய்ச்சல் பொய் என்று கண்டுபிடித்துவிடுவான்; அதனால் அதையும் அவள் சொல்லவில்லை. உண்மையை விழுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் அவள் பட்டபாடு சொல்லி மாளாது. ஐசக்கின் கன்னத்தில் தட்டினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்தாள். தலை ஒரு பக்கம் தொங்கியது. தகர மூடியை மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். ஆவி படிந்தது; மறைந்தது; மறுபடி படிய வெகுநேரம் ஆனது. கடலிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, கட்டிலிலேயே கொன்றுவிட்டேனா என்று அரற்றினாள். வைத்தியரைக் கூப்பிடலாம் என்றால் வைத்தியர் முதலில் முகர்ந்து பார்ப்பது கோப்பையைத்தான். கோப்பையைக் கழுவினாள். கழுவிவிட்டு, இவ்வளவு கெட்டவளா நான் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"எந்திரிய்யா. கும்பிட்டுக் கேக்குறேன், எந்திரி. கப்பலுக்கு வேணா போ. ஜெயிலுக்கு வேணா போ. கண்ணத் தெற."

கடுங்காப்பி போட்டு, அவன் தலையை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். பாதி கழுத்தில் வழிந்தது. எழுப்பி நிற்கவைத்து, தன்னைவிட இரண்டு பங்கு கனமான உடம்பை இழுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் எத்தனை தடவை நடந்தாளோ. கடைசியில் அவன் குமட்டினான். தரையெல்லாம் வாந்தி எடுத்தான். பிறகு கண்ணைத் திறந்து, "ஏன்டி என்னை இழுத்து அடிக்கிற?" என்று குழறினான்.

டோர்கஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனைக் கட்டிப்பிடித்து, நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் முத்தம் கொடுத்தாள். ஆற்றுப் பக்கமிருந்து இழுவைப் படகின் ஊதல் கேட்டது. கப்பல் கிளம்பிவிட்டது, அதில் ஐசக் இல்லை. அவள் கடவுளுக்கு நன்றி சொன்னாள். லூக் இன்னும் வராதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மீன் விற்கிற மெக் கீழிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"ஏ டோர்கஸ்! உன் தம்பி கில்லாடிடி! ஊரே பாத்துச்சு."

"என்ன பண்ணான்?"

"உன் புருஷன் வரலைன்னதும் அந்தத் தாடிக்காரன் குதிச்சான் பாரு. ஆளு வரணும், இல்லாட்டி போலீசு வரும்னு கத்துறான். கப்பல் அதுக்குள்ள கயித்த அவுத்துருச்சு. துறைமுக மதகு வாசலத் தாண்டுது. உன் தம்பி கூடவே கரையில ஓடுறான், பேசிக்கிட்டே. அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? 'உனக்கு வேண்டியது ஒரு ஆளுதானே? இதோ நான் ஆளில்லையா?'ன்னு கேட்டுட்டு, சுவர் முனையிலேருந்து ஒரே தாவு! கப்பல்ல போய் நிக்கிறான். 'மச்சான் பெட்டி உள்ளதான இருக்கு, துணிமணிகூட வேணாம்'னு சிரிக்கிறான். எல்லாரும் கைதட்டினோம்."

கப்பல் கிளம்பும்போது ஆள் குறைந்தால் துறைமுகச் சுவர் முனையில் நிற்கிறவர்களில் ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேலையில்லாத மாலுமிகள் அதற்காகவே அங்கே காத்து நிற்பார்கள். அந்த ஊரில் பிறந்த பூனைக்குட்டிக்குக்கூடத் தெரிந்த வழக்கம். கப்பல் ஆளில்லாமல் போகாது. ஒருவனை நிறுத்தினால் இன்னொருவன் ஏறுவான். டோர்கஸுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நேற்றுப் பிற்பகலிலிருந்து அவள் மண்டைக்குள் ஐசக்கைத் தவிர வேறு யாருமே இல்லை. வேலையில்லாத மாலுமியான தம்பியை அவளே கையோடு அந்தச் சுவர் முனைக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

அவள் போர்வைகூட எடுக்காமல் ஓடினாள். கல் வழுக்கியது. ஒரு இடத்தில் விழுந்து முழங்கால் கிழிந்தது. ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் நீளும் அலைத்தடுப்பின் மேல், அங்கே நின்ற பெண்களையும் வண்டிகளையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முனைவரை ஓடினாள். புகை கக்கும் இழுவைப் படகு முன்னே கடந்துகொண்டிருந்தது. பின்னால் நீளக் கயிற்றில் ஹார்மனி வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளத்தது. பார்த்தவர்கள் நல்ல கப்பல் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அதன் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றை விட்டு இன்னும் வெளியே போகவில்லை, ஒரு அலை இன்னும் மேலே படவில்லை, அதற்குள் பம்பு அடிக்கிறார்கள். நிலக்கரிக் கப்பலின் அடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் கறுப்பாக, நாற்றமாக வரும். இது தெளிந்த தண்ணீர். வெளியிலிருந்து நேராக உள்ளே வருகிற தண்ணீர். பாய் தைக்கிறவர் மகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பம்புக் கைப்பிடியைப் பிடித்திருந்தவர்களில் செம்பட்டைத் தலை ஒன்று நிமிர்ந்தது. அவளைக் கண்டதும் கைப்பிடியை விட்டுவிட்டு விளிம்புக்கு ஓடி வந்தது.

"அக்கா! மச்சான் எப்படி இருக்காரு?"

"எந்திரிச்சுட்டாருடா!"

"இனி போலீசு வராது! அவர் இடத்துக்கு என்னை எழுதியாச்சு. பெட்டியில இருந்த அவரோட இன்னொரு பூட்ஸு எனக்கு லொடலொடன்னு இருக்கு, திரும்பி வந்து தர்றேன்னு சொல்லு!"

குதிடா என்று கத்தலாமா? அவள் வாயைத் திறந்தேவிட்டாள். கீழே தண்ணீரைப் பார்த்தாள். ஓதம் வடிய ஆரம்பித்து, ஆறு முழுவதும் சுழித்துக்கொண்டு கடலுக்குள் ஓடியது. லூக்குக்கு நீச்சல் தெரியாது. அந்த ஊர் மாலுமிகள் யாருக்குத்தான் தெரியும்? குதித்தால் இந்தத் தடுப்புக்குக் கீழேயே போய்விடுவான். அவன் நிற்கிற பலகைக்கும் அவள் நிற்கிற கல்லுக்கும் நடுவே ஒரு தெருவின் அகலம்கூட இல்லை. முகத்தில் இருக்கிற புள்ளிகள்கூடத் தெரிந்தன. கைநீட்டினால் எட்டும்போல இருந்தது, ஆனால் எட்டாது.

லூக்கின் பக்கத்தில் இருந்த கிழட்டு மாலுமி ஒருவன் அவன் காதில் ஏதோ சொன்னான். லூக் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டான்.

"அக்கா! இந்த ஆளு ஒரு கதை விடுறான்! இது அப்பாவோட ரோஸ்மண்டாம்! பேரு மாத்தியிருக்காங்களாம்! நெசமா?"

பம்பு அடிப்பவர்களும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லார் முகத்திலும் அதே கேள்வி. பின்னாலிருந்து யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். ஐசக். வெளுத்த முகம், பாதி மாட்டிய சட்டை, தள்ளாடிக்கொண்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். கப்பலையும் அவளையும் பார்த்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் விரல்கள் அவள் தோள் எலும்பில் அழுந்தின.

இனி உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கப்பல் நிற்காது. லூக் இறங்க முடியாது. படுக்கும்போதும் எழும்போதும், ஒவ்வொரு பலகை முனகும்போதும் நடுங்கிக்கொண்டே போவான். இப்போது அவளுக்குள் இருக்கிற பயம் முழுவதும் அவனுக்குப் போய்விடும். அது மட்டும்தான் நடக்கும்.

"இல்லடா!" என்று கத்தினாள். குரல் உடையாமல் இருக்க வயிற்றை இறுக்கிக்கொண்டாள். "அது எப்பவோ விறகாப் போச்சு! நானே பாத்தேன், உடைக்கிறதை! இது வேற கப்பல்! நல்ல கப்பல்!"

லூக்கின் முகம் மலர்ந்தது. கிழட்டு மாலுமியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். அவன் சொன்னது காற்றில் தெளிவாக வந்தது.

"பாத்தியா பெருசு? அப்பாவோட கப்பல்னா எங்கக்காவுக்குத் தெரியாதா? தெரிஞ்சா என்னை அனுப்பியிருப்பாளா?"

அவன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். டோர்கஸ் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். ஐசக்கும் கையைத் தூக்கினான். லூக் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் முகம் அவனுக்குத் தெரியும்வரை அவள் சிரிப்பை விடவில்லை.

முகத்துவாரத்தைத் தாண்டியதும் இழுவைப் படகு கயிற்றை விட்டது. முதல் பேரலை வந்தது. மற்றக் கப்பல்கள் அந்த அலையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும். ஹார்மனி ஏறவில்லை. அலை மேல்தளத்தில் புரண்டு மறுபக்கம் வழிந்த பிறகுதான் அது மெல்ல, மிக மெல்ல எழுந்தது. டோர்கஸ் தூக்கிய கையை இறக்காமல், அடுத்த அலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.